காலும் கலமும்

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜனவரி மாதத்தில், விஜயவாடாவில் நடக்கவிருந்த கருத்தரங்கு ஒன்றுக்காக நாங்கள் நால்வர் புறப்பட்டோம். நால்வரும் தமிழோ வரலாறோ கற்பித்துப் பிழைப்பவர்கள். அதுவரை கருத்தரங்குகளுக்கு ரயிலிலும் பேருந்திலுமே போய்வந்த எங்களுக்கு, அந்த முறை அழைத்தவர்களே விமானச் சீட்டு எடுத்து அனுப்பியிருந்தார்கள். காலை 7 மணி விமானத்துக்கு 5 மணிக்கே மீனம்பாக்கத்தில் இருந்தோம். வாயிலில் வரிசை, பெட்டி ஒப்படைக்குமிடத்தில் வரிசை, சோதனையில் வரிசை. எல்லாம் முடிந்து உட்கார்ந்தபோது கைபேசியில் முதல் செய்தி வந்தது: விமானம் 8.40க்கு. அடுத்த செய்தி 10.15 என்றது. மூன்றாவது செய்தி நேரமே சொல்லவில்லை. காரணம் 'இயக்கம் சார்ந்தது' என்று மட்டும் சொன்னது. முகப்பிலிருந்த இளம்பெண்ணுக்கு எங்களைவிட அதிகமாக எதுவும் தெரிந்திருக்கவில்லை. மதியம் 2 மணிக்கு மேல் ஆகலாம் என்று அவர் சொன்னதும், எங்களில் ஒருவர் தம் காரை அங்கேயே நிறுத்துமிடத்தில் விட்டிருப்பதை நினைவூட்டினார்.

அப்போது ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். சென்னையிலிருந்து விஜயவாடாவுக்குச் சாலை வழியே ஏறத்தாழ 450 கிலோமீட்டர். நிதானமாகப் போனால் எட்டு மணி நேரம். விமானம் பறப்பது ஒரு மணி நேரத்துக்குச் சற்றே கூடுதல். ஆனால் வீட்டிலிருந்து மீனம்பாக்கத்துக்கு ஒன்றரை மணி, முன்கூட்டியே வந்து காத்திருக்கும் இரண்டு மணி, கன்னவரத்தில் இறங்கிப் பெட்டி எடுத்து இருபது கிலோமீட்டர் தள்ளியிருக்கும் நகருக்குள் நுழைய ஒன்றரை மணி என்று கூட்டினால், எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளில்கூட ஆறு மணி நேரம் ஆகிறது. அதாவது வானத்தில் பறப்பதால் நமக்கு மிஞ்சுவது இரண்டு மணி நேரம். அன்று அந்த இரண்டு மணி நேரம் ஏற்கெனவே கரைந்து கடனில் போயிருந்தது. பெட்டிகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டு காரில் ஏறினோம்.

இது பெரிய சாகசமல்ல. இன்று நடுத்தர வர்க்கத்தினர் பலருக்கும் இத்தகைய கதை ஒன்று இருக்கும். போகிப் புகை சென்னை ஓடுபாதையை மூடும் ஆண்டுகளில் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திரும்பிவிடுகின்றன. 2025 டிசம்பர் முதல் வாரத்தில், விமானிகளின் பணிநேர விதிகள் மாறியதையொட்டி, நாடெங்கும் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகிப் பயணிகள் தரையில் படுத்துக் கிடந்ததையும் பார்த்தோம். காரா, விமானமா என்ற கேள்வி வீட்டு வரவேற்பறைகளில் அடிக்கடி எழும் ஒன்றாகிவிட்டது. அன்றைய பயணம் எங்களுக்கு முக்கியமானது வேறு காரணத்தால். நேரத்தின் பிடியிலிருந்து ஒருமுறை நழுவிய பிறகு இன்னும் இரண்டு மணி நேரம் போனால் என்ன என்று, தச்சூர் கூட்டுரோட்டில் நெடுஞ்சாலையை விட்டுப் பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்குத் திரும்பினோம். எந்த வழியில் போவது என்ற கேள்விக்கு நானூறு ஆண்டு வரலாறு இருக்கும் ஊர் அது என்பது அங்கே போன பிறகுதான் உறைத்தது.

*

பழந்தமிழில் பயணத்துக்குச் 'செலவு' என்று பெயர். இன்று அதே சொல் பணம் கரைவதைக் குறிக்கிறது. செல்வதும் செலவழிவதும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை வகுப்பில் சொல்லும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். புறப்பட எண்ணிய தலைவன் தயங்கி நின்றுவிடுவதை 'செலவழுங்குதல்' என்று அகப்பொருள் இலக்கணம் ஒரு துறையாகவே வகுத்துவைத்திருக்கிறது. பிரிவை வகைப்படுத்திய உரையாசிரியர்கள் அதைக் காலிற் பிரிவு, கலத்திற் பிரிவு என்று இரண்டாகப் பகுத்தார்கள். நிலத்தில் நடந்து போவது ஒன்று. கலமேறிக் கடலில் போவது மற்றொன்று. மூன்றாவது வழி அவர்கள் காலத்தில் இல்லை. ஆனால் இரண்டே வழிகள் இருந்தபோதும் எதில் போவது என்பது பருவமும் பொருளும் துணையும் சேர்ந்து முடிவு செய்த ஒன்றாகவே இருந்தது.

பழவேற்காடு இந்த இரண்டு வழிகளும் சந்தித்த இடம். சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டரில், ஆரணியாறு வந்து சேரும் தென்கோடியில் ஊர் இருக்கிறது. அதற்கு வடக்கே சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி விரிந்து கிடக்கிறது. அதன் பெரும்பகுதி இன்று ஆந்திரத்தில் உள்ளது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே சுவர்போல் நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. முகத்துவாரத்தின் வழியாகக் கடல்நீர் உள்ளே வருகிறது. மழைக்காலத்தில் ஆற்றுநீர் வெளியே போகிறது. இந்த மூச்சு நின்றால் ஏரி நின்றுவிடும்.

சோழமண்டலக் கரை நெடுகிலும் அலை நேராகக் கரையில் மோதும். கப்பல்கள் தள்ளி நங்கூரமிட்டு நிற்க, சரக்கையும் ஆளையும் சிறு படகுகள்தாம் அலை தாண்டிக் கொண்டுவரவேண்டும். பழவேற்காட்டில் படகுகள் முகத்துவாரத்துக்குள் நுழைந்துவிட்டால் அமைதியான நீர். இந்த ஒரு வசதிக்காகவே அரபு வணிகர்களும் மரக்காயர்களும் போர்ச்சுக்கீசியரும் இங்கே வந்தார்கள். பின்னர் டச்சுக்காரர்கள் 1610ஐ ஒட்டிப் பண்டகசாலை அமைத்தார்கள். 1612இல் சாந்தோமிலிருந்து வந்த போர்ச்சுக்கீசியர் அதைத் தாக்கி அழிக்க, 1613இல் கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. 1690இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரையின் டச்சு ஆட்சி இங்கிருந்தே நடந்தது. பழவேற்காட்டின் கட்டம்போட்ட கைக்குட்டைத் துணி ஊரின் பெயராலேயே ஐரோப்பியச் சந்தைகளில் அறியப்பட்டது. 1825இல் ஊர் முடிவாக ஆங்கிலேயர் கைக்குப் போனது. இன்று கோட்டை இருந்த இடத்தில் முட்புதர் மண்டிய மேடுதான் இருக்கிறது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும், நுழைவாயிலின் செதுக்கிய எலும்புக்கூடுகளோடு ஒழுங்காக நிற்கிறது.

விமானம் மூன்று மணி நேரம் தாமதமானதற்கு நாங்கள் பொருமிக்கொண்டிருந்தோம். அந்தக் கல்லறைகளில் கிடப்பவர்களுக்குத் தாமதம் என்றால் மாதக்கணக்கு. அக்டோபர் நடுவில் வாடை திரும்பிவிட்டால் பாய்க்கப்பல்கள் இந்தக் கரையில் நிற்காது. புயலுக்கு அஞ்சி வெளியேறிவிடும். ஜனவரி வரை கடல்வழி அடைப்பு. அந்த மாதங்களில் மசூலிப்பட்டினத்துக்கோ கோல்கொண்டாவுக்கோ போகவேண்டியவன் பல்லக்கிலோ குதிரையிலோ, இல்லையெனில் நடந்தோ சேற்றைத் தாண்டிப் போகவேண்டும். வழியில் ஆறுகள் பெருகியிருந்தால் அக்கரைக்கு இக்கரையில் காத்துக் கிடக்கவேண்டும். கலத்துக்கும் காலுக்கும் நடுவே காற்றுதான் தீர்ப்புச் சொன்னது.

இந்தக் காத்திருப்பிலிருந்து நல்லவையும் பிறந்திருக்கின்றன. 1632இல் இங்கே வந்த ஆபிரகாம் ரோஜர் என்ற டச்சுப் பாதிரியார் பத்தாண்டுகள் இவ்வூரில் தங்கினார். பத்மநாபன் என்ற பிராமணரின் துணையோடு, இங்குள்ளோரின் வழிபாட்டையும் வாழ்க்கையையும் பற்றி ஒரு நூல் எழுதினார். அவர் இறந்த பின் 1651இல் வெளியான அந்நூலில் பர்த்ருஹரியின் பாடல்கள் டச்சு மொழியில் இடம்பெற்றன. சமஸ்கிருத இலக்கியம் ஐரோப்பிய மொழி ஒன்றில் அச்சேறிய முதல் நிகழ்வு அது. பழவேற்காட்டின் உப்புக்காற்றில் இரண்டு மனிதர்கள் நிதானமாக உட்கார்ந்து பேசியதன் விளைவு என்றே அதைச் சொல்லத் தோன்றுகிறது.

ஆனால் வழியைத் தேர்ந்தெடுப்பது எல்லோருக்கும் வாய்த்ததல்ல. பதினேழாம் நூற்றாண்டில் பஞ்சமும் போரும் வந்த ஆண்டுகளில், இதே துறையிலிருந்து பல்லாயிரக்கணக்கானோர் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டு பட்டாவியாவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கம்பெனியின் பேரேடுகளில் அவர்கள் துணி மூட்டைகளோடு எண்ணிக்கையாக இருக்கிறார்கள். அவர்களுடைய பிரிவும் கலத்திற் பிரிவுதான். ஆனால் அதைப் பாட எந்தத் துறையும் வகுக்கப்படவில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெயர் பொறித்த கற்களைப் படித்துக்கொண்டே வந்த எங்களுக்கு, கல்லில்லாமல் போனவர்களின் நினைவு வந்தபின் அங்கே அதிக நேரம் நிற்க முடியவில்லை.

*

கால், கலம் இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழியொன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வெட்டியது. கடலின் சீற்றமும் இல்லை, சாலையின் சேறும் இல்லை. கரையோரமாகவே அமைதியான நீரில் போய்விடலாம். 1806ஐ ஒட்டி பேசில் கோக்ரேன் என்ற ஸ்காட்லாந்துக்காரர், சென்னையிலிருந்து எண்ணூருக்குக் கால்வாய் வெட்டினார். அது பின்னர் பழவேற்காட்டு ஏரிவரை நீண்டது. கால்வாயில் போகும் படகுகளிடம் சுங்கம் வாங்குவது அவருடைய பிழைப்பு. 1837இல் அரசே அதை எடுத்துக்கொண்டது. ஏரியின் ஊடாக வடக்கே துகராஜபட்டினம், கிருஷ்ணபட்டினம் என்று வளர்ந்து பெத்த கஞ்சாம்வரை போயிற்று. தெற்கே மரக்காணம்வரை வந்தது. மொத்தம் ஏறத்தாழ 420 கிலோமீட்டர்.

அடையாற்றையும் கூவத்தையும் இணைத்து இந்தக் கோவையை முழுமையாக்கிய எட்டு கிலோமீட்டர்த் துண்டு, 1876–78 தாது வருடப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. 1877இன் தொடக்கத்தில், இந்தியப் பேரரசின் சிக்கனத்துக்காக வந்த ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. சென்னை மாகாண மருத்துவ அதிகாரி கார்னிஷ், அது உழைக்கும் உடலுக்குப் போதாது என்று வாதாட வேண்டியிருந்தது. அப்போது ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயர் கால்வாய்க்கு வந்தது. மண் சுமந்தவர்களின் பெயர் எதற்கும் வரவில்லை. செலவு என்ற சொல்லின் இரு பொருளும் சேர்ந்து நிற்கும் இடம் அது.

இருப்பினும் கால்வாய் பல தலைமுறைகளுக்கு ஊர்களை வாழவைத்தது. ஸ்ரீஹரிகோட்டாக் காட்டின் விறகு இதன் வழியாகத்தான் சென்னை அடுப்புகளுக்கு வந்தது. பழவேற்காட்டு ஏரியின் கிளிஞ்சல், சுண்ணாம்பாகிச் சென்னையின் சுவர்களுக்குப் போயிற்று. உப்பும் நெல்லும் கருவாடும் போயின. காற்று வாய்த்தால் பாய் விரிப்பார்கள். வாய்க்காவிட்டால் கழி ஊன்றுவார்கள். அதுவும் ஆகாதபோது ஆட்கள் கரையில் நடந்தபடி கயிறு கட்டிப் படகை இழுப்பார்கள். பாரதிதாசன் நண்பர்களுடன் இந்தக் கால்வாயில் படகேறி மாமல்லபுரம் போனதை 'மாவலிபுரச் செலவு' என்ற கவிதையாக்கினார். செலவு என்ற பழஞ்சொல்லை அவர் அங்கே மறக்காமல் எடுத்து ஆண்டிருக்கிறார் என்பது எங்களைப் போன்றவர்களுக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி. அந்தப் படகில் போன யாரும் நேரத்தை நிமிடத்தில் எண்ணியிருக்க முடியாது.

1899இல் சென்னையும் விஜயவாடாவும் ரயில்பாதையால் இணைந்தபோது கால்வாயின் முதுமை தொடங்கியது. முதலில் அவசரக்காரர்கள் போனார்கள். அடுத்து அழுகும் சரக்குப் போயிற்று. மெதுவாகப் போனாலும் பரவாயில்லை என்ற விறகும் சுண்ணாம்பும் மட்டும் மிஞ்சின. சுதந்திரத்துக்குப் பிறகு லாரிகள் வந்தன. 1965, 1966 ஆண்டுகளின் புயல்கள் கால்வாயைப் பெருமளவு தூர்த்தன. பழுது பார்க்க யாருக்கும் அவசரம் இருக்கவில்லை. சென்னைக்குள் அது சாக்கடையாயிற்று. பறக்கும் ரயிலின் தூண்கள் அதன் நடுவிலேயே ஊன்றப்பட்டன. 2008இல் அதைத் தேசிய நீர்வழி எண் 4இன் பகுதியாக அறிவித்தார்கள். அறிவிப்பில் ஓடுவது எளிது. நீரில் ஓட நீர் வேண்டும்.

ஒரு வழி புதிதாக வரும்போது பழைய வழி அப்படியே இருக்கும், நாம் விரும்பியதைத் தேர்ந்துகொள்ளலாம் என்று நினைக்கிறோம். வரலாற்றில் அப்படி நடப்பது அரிது. புதிய வழி பழைய வழியின் வருமானத்தை எடுத்துக்கொள்கிறது. வருமானம் போன வழியை யாரும் பராமரிப்பதில்லை. பராமரிக்காத வழி சில ஆண்டுகளில் வழியாகவே இருப்பதில்லை. கரையில் கயிறு இழுத்த குடும்பங்களைக் கேட்டு எவரும் அதை முடிவு செய்யவில்லை.

*

ஊருக்குள் மீன் ஏலம் முடிந்திருந்தது. நிழலில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தோம். மீனம்பாக்கத்தில் நடந்ததை எங்களில் ஒருவர் சொன்னதும் அவர் வேலையை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.

"ஏரோப்ளேனுக்குக் காசு கட்டிட்டா காருல வந்தீங்க? சரி சார், அதுவாவது இருக்குதே. ராக்கெட்டு விடுற அன்னைக்கு எங்களைக் கடலுக்குப் போவாதேன்னுடுவாங்க. அன்னைக்கு நாங்க எதுல ஏறிப் போறது?"

"தொழிலே கிடையாதா பெரியவரே?"

"வானத்துல அவுங்க போறாங்க. கீழ நாங்க சும்மா குந்திக்கினு பார்ப்போம். நல்லாத்தான் இருக்கும், பார்க்க."

ஏளனமாக அவர் அதைச் சொல்லவில்லை. சந்திரயான் போனதை மணலில் நின்று பார்த்ததைப் பெருமையாகவே சொன்னார். ஆனால் 'சும்மா குந்திக்கினு' என்ற சொல் எங்களோடு காரில் ஏறி வந்தது.

ஸ்ரீஹரிகோட்டாவை ஏவுதளத்துக்காகத் தேர்ந்தெடுத்தது 1969இல். கிழக்கே திறந்த கடல், சுற்றிலும் நீர், ஆள் நடமாட்டம் குறைவு என்பவை காரணங்கள். 1971 அக்டோபர் 9 அன்று முதல் சிறு ராக்கெட் புறப்பட்டது. 1980 ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ரோகிணியைச் சுற்றுப்பாதையில் வைத்தது. 2008இலும் 2023இலும் நிலவுக்கான கலங்கள் இங்கிருந்தே கிளம்பின. ஆள் நடமாட்டம் குறைவு என்றால் ஆளே இல்லை என்று பொருளல்ல. யானாதிகள் அந்தக் காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்தவர்கள். கரையில் மீனவக் குப்பங்கள் இருந்தன. அகற்றப்பட்ட குடும்பங்களில் ஒரு பகுதி ஏரியின் தமிழகக் கரைக்கு வந்து சேர்ந்தது. நாட்டின் மிக நீண்ட பயணங்களுக்கு இடம் தருவதற்காக அவர்கள் தங்கள் சின்னஞ்சிறு பயணத்தைச் செய்தார்கள். திரும்பிப் போகும் சீட்டு அதில் இல்லை.

தீவுக்குப் போக சூளூர்ப்பேட்டையிலிருந்து ஏரியின் குறுக்கே சாலை போட்டார்கள். படகு வேண்டாம், கார் போதும் என்ற தேர்வின் கல்வடிவம் அது. கரையெழுப்பிப் போட்ட அந்தச் சாலை, ஏற்கெனவே ஆழமற்ற வடபகுதியை மற்ற ஏரியிலிருந்து பிரித்து, நீரோட்டத்தைத் தடுக்கிறது என்று சூழலியலாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். பயணிகளுக்கு அந்தச் சாலையில் போவது பேரனுபவம்தான். இருபுறமும் நீர், அதில் ரோசா நிறக் கோடாகப் பூநாரைகள், கொஞ்சம் தள்ளிக் கூழைக்கடாக்கள். குஜராத்தின் கட்ச் உவர்நிலத்தில் கூடு கட்டும் பூநாரைகள், தீபகற்பத்தையே கடந்து குளிர்காலத்தில் இங்கே இறங்குகின்றன. வழி தேர்வதில் அவற்றுக்கு ஒரே நிபந்தனைதான்: இறங்குமிடத்தில் கால் நனையும் அளவு நீரும் அதனடியில் சேறும் இருக்கவேண்டும். ஏரி வற்றிய ஆண்டில் அவை வேறிடம் தேடிப் போய்விடுகின்றன. பறவைக்கு அந்தத் தேர்வு உண்டு. வலையோடும் கடனோடும் கரையில் வீடு கட்டியிருப்பவருக்கு இல்லை.

ஏரியில் இவர்கள் எப்படித் தொழில் செய்கிறார்கள் என்பதையும் ஒரு சொல் சொல்லவேண்டும். 'பாடு' என்றொரு முறை இங்கே தலைமுறைகளாக இருக்கிறது. நல்ல மீன்பிடி இடங்களை ஊராரே வரையறுத்து, இன்ன குழு இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை போடலாம் என்று முறைவைத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் ஒரே இடத்துக்கு முந்தியடித்துப் போனால் யாருக்கும் மிஞ்சாது என்ற அறிவு அது. அடுத்தவன் முறை வரும்வரை காத்திருப்பது அங்கே எரிச்சலூட்டும் தாமதம் அல்ல, நீதி. விமான நிலைய வரிசையில் நாங்கள் அனுபவித்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். ஏன் காத்திருக்கிறோம், யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரியும்.

*

பழவேற்காட்டு ஊரையும் கடலோரக் குப்பங்களையும் இணைக்கப் பாலம் வந்துவிட்டது. லைட்ஹவுஸ் குப்பத்துக்கு இன்று வண்டியில் போகலாம். பாலம் வந்ததால் மீன் உடனே லாரியேறுகிறது, பிள்ளைகள் பள்ளிக்கு நனையாமல் போகிறார்கள், பிரசவ வலி எடுத்தவளை நள்ளிரவில் பொன்னேரிக்குக் கொண்டுபோக முடிகிறது. நிதானமான பயணத்தின் அழகைப் பற்றி நாற்காலியில் அமர்ந்து எழுதும் நம்மைப் போன்றவர்கள் இதை மறந்துவிடக்கூடாது. படகில் மெல்லப் போவது, வேகமாகவும் போகமுடிகிறவனுக்குத்தான் இன்பம். ஏரிக்குள் ஆந்திர எல்லையில் இருக்கும் இரக்கம் தீவில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் மக்கள், ஆரம்பாக்கத்துக்கோ அக்கரை ஊர்களுக்கோ படகிலேயே வந்துபோய்ப் பழகியவர்கள். அரிசி மூட்டையும் படகில், நோயாளியும் படகில். காற்று எதிர்த்தால் இரண்டும் காத்திருக்கவேண்டும். அவர்கள் பாலம் கேட்பதைப் பழமையின் அழிவு என்று புலம்ப நமக்கு உரிமையில்லை. பாலம் கேட்பதும், ஏரியை அடைக்காத பாலமாக இருக்கட்டும் என்று கேட்பதும் ஒரே கோரிக்கையின் இரு பாதிகள்.

அன்று நாங்கள் ஏரியில் ஒரு சுற்று போய்வர விரும்பினோம். முதியவர் மறுத்துவிட்டார். 2011 கிறிஸ்துமஸ் அன்று சுற்றுலா வந்தவர்கள் ஏறிய படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றத் தடை. "ஜாக்கெட்டு இல்லாம ஏத்தினது தப்புதான் சார்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "தண்ணி யாரையும் வேணும்னு இழுக்காது. நாமதான் அவசரப்படுறோம்" என்றார். 2004 டிசம்பர் 26 அன்று கடல் ஊருக்குள் வந்ததைப் பார்த்தவர் அவர்.

அவருடைய இப்போதைய கவலை விமானமும் இல்லை, காரும் இல்லை, முகத்துவாரம். மணல் சேர்ந்து வாய் அடைத்துக்கொள்ளும் மாதங்களில் படகு கடலுக்குப் போகாது. கடல்நீர் ஏரிக்கு வராது. இறால் குஞ்சும் வராது. ஊரார் தாங்களே மண்வெட்டியோடு போய் வெட்டித் திறந்ததும் உண்டு. நெடுநாள் கோரிக்கைக்குப் பிறகு, முகத்துவாரத்தை நிலையாகத் திறந்துவைக்கச் சுவர்கள் கட்டும் வேலையைத் தமிழக அரசு எடுத்துக்கொண்டது. தெற்கே எண்ணூரிலும் காட்டுப்பள்ளியிலும் துறைமுகங்கள் எழுந்த பின் கரையின் மணல் ஓட்டமே மாறிவிட்டது என்பது மீனவர்களின் குற்றச்சாட்டு. பெரிய கலங்களுக்குக் கட்டிய வழி சிறிய கலங்களின் வழியை அடைக்கிறது என்பதே அதன் சாரம். கோக்ரேன் காலத்திலிருந்து மாறாத கதை.

இந்தக் கதை பழவேற்காட்டோடு முடியவும் இல்லை. மீனம்பாக்கத்தின் நெரிசலைக் குறைக்க, காஞ்சிபுரம் பக்கம் பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று 2022இல் அறிவித்தார்கள். அதற்கு ஐயாயிரம் ஏக்கருக்கும் மேல் நிலம் வேண்டும். வயல்களும் ஏரிகளும் அதில் அடங்கும். ஏகனாபுரத்து மக்கள் அறிவிப்பு வந்த நாளிலிருந்து போராடிவருகிறார்கள். விமானம் தாமதமாகும்போது கோபப்படும் நாம், நம் கோபத்தின் ஒரு தவணையை அந்த ஊரார் கட்டப்போகிறார்கள் என்பதை அறிந்துகொண்டாவது கோபப்படலாம். பறக்கவே கூடாது என்பதல்ல நாங்கள் சொல்வது. அழைப்பு வந்தால் நாளையும் விமானத்தில் ஏறுவோம். செலவுக் கணக்கில் நம் சீட்டின் விலையை மட்டும் எழுதிவிட்டு மூடிவிடுகிறோம் என்பதுதான் உறுத்தல்.

*

நான்கு மணிக்குப் பழவேற்காட்டை விட்டோம். ஆரம்பாக்கம், தடா, சூளூர்ப்பேட்டை என்று ஊர்கள் வந்தன. நெடுஞ்சாலையின் ஆறு தடங்களில் லாரிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன. ஒரு காலத்தில் விறகும் உப்பும் கிளிஞ்சலும் நீரில் நகர்ந்த அதே திசையில், எங்கள் வலப்பக்கம் கண்ணுக்குத் தெரியாத தொலைவில் கால்வாய் தூர்ந்து கிடந்தது. நெல்லூருக்கு அருகில் தேநீருக்காக நிறுத்தியபோது கைபேசியில் செய்தி வந்தது. எங்கள் விமானம் சற்றுமுன் புறப்பட்டுவிட்டதாம், இடையூறுக்கு வருந்துகிறார்களாம். நால்வரும் அண்ணாந்து பார்த்தோம். மேகம் மட்டுமே இருந்தது.

நள்ளிரவுக்குப் பின் விஜயவாடா சேர்ந்தோம். கருத்தரங்கு முடிந்ததும் பயணப்படிப் படிவம் கொடுத்தார்கள். எதில் வந்தீர்கள் என்ற இடத்தில் விமானம், ரயில், சாலை என்று மூன்று கட்டங்கள். எங்கள் விமானச் சீட்டும் சுங்கச்சாவடி ரசீதுகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருந்ததால், அங்கிருந்த எழுத்தர் வெகுநேரம் யோசித்தார். கடைசியில் சாலை என்ற கட்டத்தில் குறியிட்டுக் கொடுத்தோம். படகுக்கு அந்தப் படிவத்தில் கட்டமே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தோம். இரக்கம் தீவிலிருந்து ஒருவர் என்றைக்காவது அந்தக் கருத்தரங்குக்கு வந்தால், முதல் ஐந்தாறு கிலோமீட்டரை அவர் எதில் எழுதுவார் என்று எழுத்தரிடம் கேட்க நினைத்தோம். அவருக்குப் பின்னால் வரிசை நீண்டிருந்தது. கேட்கவில்லை.